டாக்டரைப் பார்க்கப் போகுமுன் ஒரு வார வயிற்று நோட்டு

எண்டோஸ்கோபி அறையில் 26 வருடம் நர்ஸாக வேலை பார்த்தேன். கேமரா பொருத்திய குழாயை வாய் வழியாக வயிற்றுக்குள் செலுத்துவது டாக்டர். இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்திருப்பவரின் தாடையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, "எச்சிலை விழுங்காதீங்க, அப்படியே வழிய விட்டுடுங்க, மூச்சை மூக்கால இழுங்க" என்று காதோரம் சொல்லிக்கொண்டே இருப்பது என் வேலை. அதற்கு முன்னால் படிவம் நிரப்புவதும் நான்தான். "என்ன தொந்தரவு?" என்று கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் பதில் ஒரே சொல். கேஸ்.

நெஞ்செரிச்சல் உள்ளவரும் கேஸ் என்பார். பித்தப்பையில் கல் இருப்பவரும் கேஸ் என்பார். பெருங்குடலில் கட்டி வளர்ந்து வழியே குறுகிப் போனவரும் அதையேதான் சொல்வார். மாரடைப்போடு வந்து எண்டோஸ்கோபி வாசலில் உட்கார்ந்திருந்தவரும் அப்படித்தான் சொன்னார். அந்த ஒரு சொல்லுக்குள் இத்தனை நோய் ஒளிந்திருந்தால் டாக்டர் எங்கிருந்து தேட ஆரம்பிப்பார்?

வயிற்று நோயில் ஸ்கேனும் குழாயும் இரண்டாவதாக வருபவை. முதலில் வருவது நீங்கள் சொல்லும் விவரம். அது தெளிவாக இருந்தால் எந்தப் பரிசோதனை வேண்டும், எது வேண்டாம் என்பது பாதி அங்கேயே முடிவாகிவிடும். ஆனால் டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் பாதி மறந்து போகும், மீதியைச் சொல்லக் கூச்சமாக இருக்கும். அதனால் ஏழு நாள் எழுதிக்கொண்டு போங்கள். ஒரு சின்ன நோட்டு, ஒரு பேனா, கையில் கடிகாரம் இருந்தால் போதும்.

நோட்டைத் திறக்காமல் கிளம்ப வேண்டியவர்கள்

சில அறிகுறிகள் இருந்தால் எழுதிக்கொண்டிருக்கக் கூடாது. அப்போதே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

வாந்தியில் ரத்தம் வந்தாலோ, காபித்தூளைக் கரைத்தது போல் கரும்பழுப்புத் துகள்கள் வந்தாலோ போய்விடுங்கள். ரத்தம் இரைப்பை அமிலத்தில் ஊறினால் அப்படித்தான் நிறம் மாறும். மலம் தார் போலக் கருத்து ஒட்டினாலும் அதே அவசரம்தான். வயிறு பலகை மாதிரி இறுகி, இருமினால்கூட உயிர் போகிற வலி என்றால் எங்கோ ஓட்டை விழுந்திருக்கலாம். வயிறு உப்பிக்கொண்டே போய், வாந்தியும் வந்து, மலமும் காற்றும் பிரியாமல் நின்றுவிட்டால் அது குடல் அடைப்பாக இருக்கலாம். மஞ்சள் காமாலையோடு குளிர்நடுக்கிக் காய்ச்சல் வந்தால் பித்தநாளத்தில் கிருமி ஏறியிருக்கக்கூடும். மேல்வயிற்றில் ஆரம்பித்து முதுகுக்கு ஊடுருவுகிற, நிற்காத கடும் வலி கணைய அழற்சியாக இருக்கலாம். மாதவிடாய் தள்ளிப் போயிருக்கும் பெண்ணுக்கு அடிவயிற்றில் திடீர் வலி என்றால், கரு கருப்பைக்கு வெளியே, கருக்குழாயில் தங்கியிருக்கிறதா என்று உடனே பார்த்தாக வேண்டும்.

குடல்வால் அழற்சியை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் அது ஆளை ஏமாற்றும். முதலில் தொப்புளைச் சுற்றி மந்தமாக வலிக்கும். பசி போய்விடும், குமட்டும். குடலின் நரம்புகளுக்கு இடத்தைத் துல்லியமாகக் காட்டத் தெரியாது, அதனால்தான் நடுவில் வலிப்பது போல் இருக்கும். சில மணி நேரம் கழித்து வீக்கம் வயிற்றின் உள்சவ்வைத் தொட்டதும் வலி இடம் மாறி, வலது அடிவயிற்றில் வந்து உட்கார்ந்துவிடும். தொப்புளில் ஆரம்பித்து வலது கீழே இறங்கிய வலி என்று ஒருவர் சொன்னால் அந்த ஒரு வரிக்கே டாக்டர் நிமிர்ந்து உட்காருவார். குழந்தையாக இருந்தால் ஒற்றைக்காலில் குதித்துக் காட்டச் சொல்லிப் பார்ப்பார்கள். குதிக்க மறுத்து வயிற்றைப் பிடித்துக்கொண்டால் சந்தேகம் கூடும்.

அப்புறம் இதயம். நெஞ்சுக்குழியில் பாரம், ஏப்பம் விட்டால் சரியாகிவிடும் போன்ற ஒரு அடைப்பு, கூடவே குப்பென்று வியர்வை, மூச்சு வாங்குதல், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி என்றால் முதலில் எடுக்க வேண்டியது ஈசிஜி. சர்க்கரை நோயாளிகளுக்கும் வயதானவர்களுக்கும் பெண்களுக்கும் நெஞ்சு வலியே இல்லாமல் இப்படி மேல்வயிற்றுத் தொந்தரவாகவே மாரடைப்பு வருவதுண்டு. கேஸ் மாத்திரை போட்டுவிட்டு விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

இப்படிக் கிளம்பும்போது வலி மாத்திரையோ மலம் இளக்கும் பேதி மருந்தோ எதுவும் கொடுக்காதீர்கள். சாப்பிடவும் வேண்டாம். அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் வெறும் வயிறாக இருப்பது நல்லது.

இவ்வளவு அவசரம் இல்லாவிட்டாலும் நாள் கடத்தக் கூடாத சங்கதிகள் சில உண்டு. முயற்சி செய்யாமலே எடை குறைவது, விழுங்கும்போது தொண்டைக்குக் கீழே அடைப்பது, காரணம் தெரியாத ரத்தசோகை, தூக்கத்திலிருந்து எழுப்புகிற வலி அல்லது பேதி, நடுவயதுக்கு மேல் புதிதாக மாறிய மலப்பழக்கம், குடும்பத்தில் யாருக்காவது குடல் அல்லது இரைப்பைப் புற்றுநோய் இருந்தது. இவற்றில் ஒன்று இருந்தாலும் டாக்டரின் நேரத்தை இன்றே வாங்கிவிடுங்கள். அந்த நாள் வரும் வரைக்கும் நோட்டை எழுதுங்கள்.

அப்பாவும் கறுப்பு மலமும்

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் என் அப்பா. அவருக்கு அப்போது 71 வயது. முழங்கால் வலி. எப்போதோ எழுதிக் கொடுத்த பழைய சீட்டை வைத்துக்கொண்டு டைக்ளோஃபெனாக் மாத்திரையைக் காலையும் இரவும் தானாகவே இரண்டு மாதமாகப் போட்டிருக்கிறார். இதயத்துக்காக ஆஸ்பிரின் வேறு தினமும் ஒன்று. ஒருநாள் மாலை வேலை முடிந்து வந்தேன். குளியலறை வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. "தலை சுத்துதும்மா, வேற ஒண்ணுமில்ல" என்றார். தண்ணீர் ஊற்றக்கூட முடியாமல் வெளியே வந்திருக்கிறார். உள்ளே எட்டிப் பார்த்தேன். தார் மாதிரி கறுப்பு. அதைவிட அந்த நாற்றம்தான் எனக்கு முதலில் தெரிந்தது. செரித்த ரத்தத்தின் நாற்றத்தை எண்டோஸ்கோபி அறையில் வேலை செய்த யாருக்கும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

ஹீமோகுளோபின் 6.2 இருந்தது. ரத்தம் ஏற்றி, அன்றிரவே எண்டோஸ்கோபி செய்து, முன்சிறுகுடலில் இருந்த புண்ணின் நடுவே தெரிந்த ரத்தக்குழாயில் கிளிப் போட்டார்கள். பிழைத்துக்கொண்டார். மூன்றாம் நாள் அவரிடம் கேட்டேன்: எத்தனை நாளாக இப்படிப் போனது? பதினொரு நாள். ஏன் சொல்லவில்லை? "பொண்ணுகிட்ட இதையெல்லாம் எப்படிம்மா சொல்றது?"

முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் தினமும் மலத்தின் நிறத்தை விசாரித்த நான், வீட்டில் ஒரு தடவைகூட அப்பாவிடம் கேட்டதில்லை. அவர் என்னென்ன மாத்திரை போடுகிறார் என்றும் பார்க்கவில்லை. அதனால் இந்த நோட்டில் மலத்துக்கும் மாத்திரைக்கும்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

மலம் பற்றிய பக்கம்

கூச்சத்தை எண்ணாக மாற்றிக்கொண்டால் எழுதுவது சுலபம். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் உருவாக்கி 1997-ல் வெளியிட்ட ஓர் அளவுகோல் இருக்கிறது. உலகம் முழுக்க டாக்டர்களுக்குத் தெரியும். மலத்தை ஏழு வகையாகப் பிரிக்கிறது. தனித்தனிக் கொட்டைகளாகக் கெட்டியாக வந்தால் 1. கொட்டைகள் ஒட்டிக்கொண்டு உருளையாக வந்தால் 2. உருளையின் மேல் வெடிப்புகள் இருந்தால் 3. வழுவழுவென்று நீளமாக இருந்தால் 4. ஓரம் தெளிவான மென்மையான துண்டுகள் 5. ஓரம் கலைந்த கூழ் 6. வெறும் தண்ணீர் 7. மூன்றும் நான்கும் நல்லது. ஒன்றும் இரண்டும் மலச்சிக்கல் பக்கம், ஆறும் ஏழும் பேதி பக்கம். நோட்டில் நேரத்தையும் எண்ணையும் எழுதினால் போதும்: "காலை 6.40 – 5. காலை 8.15 – 6." ஒரு நாளைக்கு மூன்று தடவையிலிருந்து வாரத்துக்கு மூன்று தடவை வரை எதுவும் இயல்பாக இருக்கலாம். உங்கள் வழக்கத்திலிருந்து எவ்வளவு மாறியிருக்கிறது என்பதுதான் கவனிக்க வேண்டியது.

அடுத்தது நிறம். மலத்தின் பழுப்பு பித்தத்திலிருந்து வருவது. பித்தம் குடலுக்கு வந்து சேராவிட்டால் மலம் களிமண் போல் வெளுத்துவிடும், அதே சமயம் சிறுநீர் அடர்பழுப்பாகும், உடம்பு அரிக்கும், கண் மஞ்சளாகும். பித்தநாளத்தில் கல்லோ கட்டியோ அடைத்திருக்கலாம் என்பதன் அடையாளம் இது. வலியே இல்லாமல் மஞ்சள் காமாலை வந்து எடையும் குறைந்தால் வலி இல்லையே என்று நிம்மதி அடையாதீர்கள். கணையத்தைப் பார்த்தாக வேண்டும்.

கறுப்பு என்று எழுதும் முன் ஒன்றைச் சரிபாருங்கள். இரும்புச்சத்து மாத்திரையும் பிஸ்மத் கலந்த வயிற்று மருந்தும் மலத்தைக் கருப்பாக்கும். இரும்பால் வரும் கறுப்பில் பச்சை கலந்திருக்கும், உருவம் மாறாது, ஒட்டாது, அந்தத் தனி நாற்றமும் இருக்காது. ரத்தக் கறுப்பு பளபளக்கும், பீங்கானில் பிசின் போல் ஒட்டும், தண்ணீர் ஊற்றினாலும் லேசில் போகாது. சந்தேகம் வந்தால் நீங்களே தீர்ப்பு சொல்ல வேண்டாம், அன்றே காட்டிவிடுங்கள்.

சிவப்பு என்றால் எப்படிச் சிவப்பு என்று எழுதுங்கள். கண்ணாடித்துண்டு கீறியது போல் வலித்து, மலத்தின் மேல் கோடு போட்ட மாதிரி ரத்தம் வந்தால் ஆசனவாய் வெடிப்பாக இருக்கலாம். வலியில்லாமல் மலம் கழித்த பிறகு சொட்டுச் சொட்டாக விழுந்தால் மூலமாக இருக்கலாம். மலத்தோடு கலந்து, சளியும் சேர்ந்து வந்தால் ரத்தம் இன்னும் மேலேயிருந்து வருகிறது. அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் போன்ற குடல் அழற்சியோ, கட்டியோ, கிருமித்தொற்றோ எதுவும் இருக்கலாம். இதில் "இருக்கலாம்" என்பதைக் கவனியுங்கள். மூலம் என்று தானாகவே முடிவுசெய்து வருடக்கணக்கில் களிம்பு தடவிக்கொண்டிருந்து, கடைசியில் பெருங்குடல் கட்டியோடு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். மூலம் இருப்பவருக்கே மேலே கட்டியும் இருக்க முடியும். ஒன்று இருப்பதால் மற்றது இல்லை என்று ஆகிவிடாது.

எண்ணெய்ப் பசையோடு மிதந்து, எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் போகாத மலம் கொழுப்பு செரிக்கவில்லை என்று சொல்கிறது. அதையும் எழுதுங்கள். எழுதத் தெரியவில்லை என்றால் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த டாக்டரும் முகம் சுளிக்க மாட்டார். ஒரு நிமிட விளக்கத்தைவிட அந்தப் படம் அவருக்கு அதிகம் சொல்லும்.

வலியின் இடம், குணம், நேரம்

நோட்டில் மனித வயிற்றின் படம் ஒன்று வரைந்துகொள்ளுங்கள். அழகாக இருக்க வேண்டாம், ஒரு முட்டை, நடுவில் தொப்புளுக்கு ஒரு புள்ளி. வலிக்கும்போது கை எங்கே போகிறதோ அங்கே பெருக்கல் குறி போடுங்கள். ஒரு விரலால் தொட்டுக் காட்ட முடிகிறதா, உள்ளங்கையை விரித்துத் தடவித்தான் காட்ட முடிகிறதா என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். வலி ஊர்ந்து போனால் அம்புக்குறி. வலது விலாவுக்குக் கீழே ஆரம்பித்து வலது தோள்பட்டை எலும்புக்குப் போகிற அம்புக்குறியைப் பார்த்தால் பித்தப்பை ஞாபகம் டாக்டருக்குத் தானாக வரும்.

குணத்தைச் சொல்ல நம் மொழியில் சொற்களுக்குப் பஞ்சமே இல்லை. எரிகிறது, காந்துகிறது, பிசைகிறது, முறுக்குகிறது, குத்துகிறது, சுருக்கென்கிறது, இழுத்துப் பிடிக்கிறது, பாரமாக இருக்கிறது, உப்புசமாக இருக்கிறது, பொருமுகிறது. ஒவ்வொன்றும் வேறு. எரிவதும் காந்துவதும் அமிலத்தின் பக்கம் கைகாட்டும். முறுக்கி, விட்டு, மறுபடி முறுக்குவது குடல் சுருங்கி விரிவதைச் சொல்லும். "வலி" என்ற பொதுச் சொல்லை மட்டும் எழுதிவிட்டு நிறுத்தாதீர்கள். வலிக்கும்போது நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதும் பெரிய தகவல். ஓரிடத்தில் இருக்க முடியாமல் புரண்டு உருண்டீர்களா? அசைந்தால் கூடுகிறது என்று கட்டை மாதிரி கிடந்தீர்களா? முன்னால் குனிந்து உட்கார்ந்தால் தணிந்ததா? சிறுநீரகக் கல்காரர் உருளுவார், வயிற்றுச் சவ்வில் அழற்சி உள்ளவர் அசையவே மாட்டார், கணைய வலிக்காரர் முன்னால் குனிந்து உட்காருவார். பரிசோதனை அறைக்குள் அவர்கள் நுழைகிற விதத்திலேயே இதை நான் பார்த்திருக்கிறேன்.

நேரத்தை மணி போட்டு எழுதுங்கள், சாப்பிட்ட நேரத்தையும் சேர்த்து. வெறும் வயிற்றிலும் நடு ராத்திரியிலும் வந்து, ஏதாவது சாப்பிட்டால் அடங்குவது முன்சிறுகுடல் புண்ணில் அடிக்கடி கேட்கிற கதை. சாப்பிட்டதும் கூடுவது இரைப்பைப் புண்ணில் கேட்பது. எல்லோருக்கும் இவ்வளவு சுத்தமாக அமையாது, ஆனாலும் எழுதுங்கள். குனிந்தாலோ படுத்தாலோ நெஞ்சுக்கு ஏறி வாயில் புளிப்பாக வருவது எதுக்களிப்பு. கொழுப்பான சாப்பாட்டுக்குப் பிறகு வந்து, ஏறி, சில மணி நேரம் அப்படியே நின்று, அப்புறம் சுவடில்லாமல் போய்விடுவது பித்தப்பை. மலம் கழித்ததும் குறைகிற, மலத்தின் போக்கு மாறும்போதெல்லாம் தலைகாட்டுகிற, ஆனால் தூக்கத்தைக் கலைக்காத வலி, குடல் எரிச்சல் நோய் என்று டாக்டர்கள் சொல்லும் ஐபிஎஸ் பக்கம் போகும். ஐபிஎஸ் உள்ளவர்களுக்குப் பரிசோதனை எல்லாம் சரியாகவே வரும். அதனால் "உனக்கு ஒன்றுமில்லை" என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள். அவர்களுடைய வலி நிஜம். குடலின் நரம்புகள் சாதாரண அசைவையும் வலியாக உணர்கின்றன.

சாப்பாட்டுக்கு ஒரு வரி போதும். என்ன, எவ்வளவு, எத்தனை மணிக்கு. இந்த ஏழு நாளில் எதையும் புதிதாக நிறுத்தாதீர்கள். முக்கியமாகக் கோதுமை ஒத்துக்கொள்ளவில்லை என்ற சந்தேகம் இருந்தால், கோதுமைப் புரதத்தால் சிறுகுடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய்க்கான ரத்தப் பரிசோதனை முடியும் வரை கோதுமையை விட்டுவிடக் கூடாது. விட்டுவிட்டால் நோய் இருந்தும் பரிசோதனை இல்லை என்று சொல்லிவிடக்கூடும்.

நடுவில் பேதி பிடித்துக்கொண்டால் நோட்டைவிடத் தண்ணீர் முக்கியம். பாக்கெட்டில் வரும் ஓஆர்எஸ் தூள்தான் சிறந்தது. அது இல்லாதபோது, கொதித்து ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. அளவைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். குடல் சுவரில் சர்க்கரையும் உப்பும் கைகோத்து உள்ளே போகும்போதுதான் தண்ணீரும் கூடவே போகிறது. உப்பு அதிகமானால் குழந்தைகளுக்கு ஆபத்து. சிறுநீர் குறைந்தாலோ, குழந்தை துவண்டாலோ உடனே காட்டுங்கள்.

மாத்திரைப் பக்கம்

வீட்டிலிருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்து மேசையில் பரப்புங்கள். பெயர், மில்லிகிராம், ஒரு நாளைக்கு எத்தனை, எத்தனை நாளாக. டாக்டர் எழுதியது, நீங்களாக வாங்கியது, யாரோ கொடுத்த சூரணம், லேகியம் எல்லாமே வர வேண்டும். "அது சாதாரண மாத்திரைதான்" என்று எதையும் விட்டுவிடாதீர்கள். அப்பாவும் அப்படித்தான் நினைத்தார்.

டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் வகை மருந்துகள் வலியைக் குறைப்பது புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளை உடம்பு செய்யவிடாமல் தடுத்துத்தான். அதே பொருள்தான் இரைப்பையின் உள்சுவரில் சளிப்படலம் சுரக்கவும், அமிலம் சுவரைத் தின்றுவிடாமல் காக்கவும் வேண்டும். வலியும் போகிறது, காவலும் போகிறது. சாப்பிட்ட பிறகு போட்டால் ஒன்றும் ஆகாது என்று பலர் நம்புகிறார்கள். மாத்திரை ரத்தத்தில் கலந்தும் இதே வேலையைச் செய்வதால், சாப்பாடு அதை முழுதாகத் தடுக்காது. ஊசியாகப் போட்டாலும் அப்படியே. வயதானவர், ஏற்கெனவே புண் இருந்தவர், இதில் இரண்டு வகையைச் சேர்த்துப் போடுபவர், ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர் எல்லோரும் டாக்டரைக் கேட்காமல் இவற்றைத் தொடக் கூடாது. ஆனால் இதயத்துக்காக எழுதிக் கொடுத்த ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அது வேறு ஆபத்து.

சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் பேதியாக்கலாம். கோடீன் கலந்த இருமல், வலி மருந்தும் இரும்பு மாத்திரையும் மலத்தைக் கட்டும். ஆன்டிபயாட்டிக் முடித்த சில வாரத்துக்குள் வரும் பேதிக்குத் தனிக் கவனம் வேண்டும். நீங்கள் வாங்கிச் சாப்பிடும் அமிலக் குறைப்பு மாத்திரையையும் எழுதுங்கள். ஒமெப்ரசோல், பான்டோப்ரசோல் வகையைச் சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னால் போட வேண்டும். அமிலம் சுரக்கும் பம்புகள் சாப்பாட்டுக்காக வேலையைத் தொடங்கும்போது மருந்து ரத்தத்தில் இருந்தால்தான் அவற்றை அடைக்க முடியும். சாப்பிட்டுவிட்டுப் போட்டு, "மாத்திரை கேட்கவில்லை" என்று சொல்பவர்கள் நிறைய.

கடைசியாக எடை. முதல் நாளும் ஏழாம் நாளும், ஒரே எடைக் கருவியில், காலையில். பழைய எடை ஞாபகம் இருந்தால் அதுவும். இல்லையென்றால் இடுப்புப் பட்டை எத்தனை துளை உள்ளே போயிருக்கிறது என்று எழுதுங்கள்.

ஒரு நாள் பக்கம் இப்படி இருந்தால் போதும்:

"செவ்வாய். ராத்திரி 2.10க்கு எழுப்பிவிட்டது. நெஞ்சுக்குழி, ஒரு விரலால் காட்டலாம், காந்தல். ஒரு டம்ளர் பால் குடித்தேன், 15 நிமிடத்தில் குறைந்தது. காலை 7 – மலம் 4, பழுப்பு. காலை 8 சாப்பாடு, வலி இல்லை. மதியம் 12.30, பசி நேரம், மறுபடி காந்தல். மாலை முதுகுவலிக்கு ஐபுப்ரோஃபென் 400 ஒன்று."

ஐந்து வரி. ஆனால் இதைப் படித்த டாக்டர் அடுத்து என்ன கேட்பார் என்று என்னால் சொல்ல முடியும்: ஐபுப்ரோஃபென் எத்தனை நாளாக? வயிற்றுப் புண்ணை உண்டாக்கும் ஹெலிகோபாக்டர் கிருமிக்குப் பரிசோதனை செய்திருக்கிறீர்களா?

டாக்டர் முன்னால்

நோட்டை நீட்டிவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். முதல் நிமிடத்தில் நீங்கள் பேச வேண்டும். எது, எங்கே, எப்போதிலிருந்து, எது கூட்டுகிறது, எது குறைக்கிறது, உங்களை எது பயமுறுத்துகிறது. பயத்தையும் சொல்லுங்கள். "என் அண்ணனுக்குக் குடல் கேன்சர் இருந்தது, எனக்கும் அதுவாக இருக்குமோ என்று பயம்" என்று ஒரு பெண்மணி தயங்கித் தயங்கிக் கிளம்பும் நேரத்தில் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவருக்குக் கொலோனோஸ்கோபி, அதாவது ஆசனவாய் வழியே குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை, செய்தோம். குடல் சுவரில் பாலிப் எனும் சின்னச் சதை வளர்ச்சிகள் இரண்டு இருந்தன, அங்கேயே எடுத்தாயிற்று. பாலிப் புற்றாக மாறப் பெரும்பாலும் பத்து வருடம்கூட ஆகும். அதற்குள் எடுத்துவிட்டால் தீர்ந்தது. பல நாடுகளில் 45 அல்லது 50 வயதிலிருந்து, தொந்தரவே இல்லாதவர்களுக்கும் இந்தப் பரிசோதனையைப் பரிந்துரைப்பது இதனால்தான்.

ஹெலிகோபாக்டர் பைலோரி பற்றி ஒரு வார்த்தை. ஒரு காலத்தில் வயிற்றுப் புண்ணுக்குக் கவலையும் காரமும்தான் காரணம் என்று டாக்டர்களே நம்பினார்கள். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் இரைப்பையில் வாழும் ஒரு கிருமியைக் கண்டு, 1982-ல் அதை வளர்த்தும் காட்டினார்கள். அமிலத்தில் கிருமி வாழுமா என்று பலர் நம்பவில்லை. 1984-ல் மார்ஷல் அந்தக் கிருமிக் கரைசலைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு. அதனால் உங்களுக்குப் புண் இருந்தால், "இந்தக் கிருமி இருக்கிறதா பார்த்தீர்களா?" என்று தைரியமாகக் கேளுங்கள். மூச்சுப் பரிசோதனை, மலப் பரிசோதனை, எண்டோஸ்கோபியில் எடுக்கும் சதைத் துணுக்கு, எதிலும் பார்க்கலாம். ஒமெப்ரசோல் வகை மாத்திரையை 2 வாரமும் ஆன்டிபயாட்டிக்கை 4 வாரமும் நிறுத்தியிருந்தால்தான் முடிவை நம்பலாம், ஆனால் எதையும் டாக்டரைக் கேட்டே நிறுத்துங்கள். கிருமி இருந்தால் பெரும்பாலும் 14 நாள் கூட்டு மருந்து கொடுப்பார்கள். எட்டாம் நாள் வலி போய்விட்டது என்று விட்டுவிடாதீர்கள். அரைகுறையாகச் சாப்பிட்டால் கிருமி மருந்துக்கு அடங்காமல் போகும். முடித்து 4 வாரமாவது ஆன பிறகு, கிருமி போய்விட்டதா என்று மறுபடி பார்க்க வேண்டும்.

குழாய் பரிசோதனை என்று முடிவானால்

எண்டோஸ்கோபிக்குப் பயப்பட ஒன்றுமில்லை. வழக்கமாக 6 மணி நேரம் சாப்பிடாமல் வரச் சொல்வார்கள், பொய்ப்பல்லைக் கழற்றிவிட வேண்டும். பார்ப்பது சில நிமிட வேலை. குமட்டும்போது தொண்டையை இறுக்காமல், மூச்சில் கவனம் வைத்தால் சீக்கிரம் முடியும்.

கொலோனோஸ்கோபிதான் வீட்டிலேயே பாதி வேலை. குடல் சுத்தமாக இல்லாவிட்டால் சின்ன பாலிப் கண்ணில் படாது, மறுபடி எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டிவரும். இரும்பு மாத்திரையைச் சில நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். ரத்தம் உறையாமலிருக்கும் மருந்தும் சர்க்கரை மருந்தும் எடுப்பவர்கள் முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பேதிக் கரைசலைப் பாதி முதல் நாள் மாலையும் மீதி பரிசோதனை நாளன்றும் குடிக்கச் சொன்னால் அப்படியே செய்யுங்கள், இரண்டையும் சேர்த்து முதல் நாளே முடித்துவிட வேண்டாம். குளிர வைத்து, உறிஞ்சு குழலில் குடித்தால் ருசி அவ்வளவாகத் தெரியாது. நடுநடுவே தெளிந்த திரவங்களைக் குடியுங்கள். சிவப்பு, ஊதா நிறத்தில் எதுவும் வேண்டாம், குழாயில் பார்க்கும்போது ரத்தம் போலத் தெரியும். ஆசனவாயைச் சுற்றி முதலிலேயே வாசலின் தடவிக்கொண்டால் எரிச்சல் இருக்காது. கடைசியாகப் போவது அடியில் கசடு இல்லாத, இளமஞ்சள் தண்ணீராக இருந்தால் நீங்கள் தயார். இன்னும் பழுப்பாகவோ கலங்கலாகவோ இருந்தால் வந்தவுடன் நர்ஸிடம் சொல்லிவிடுங்கள், மறைக்காதீர்கள்.

மயக்க மருந்து கொடுத்தால் கூட ஒருவர் கட்டாயம் வர வேண்டும். அன்று முழுவதும் வண்டி ஓட்டக் கூடாது. மயக்கம் தெளிகிற நேரத்தில் டாக்டர் சொல்வது உங்களுக்கு நினைவிருக்காது, அதனால் கூட வந்தவர் கையில் நோட்டைக் கொடுத்து எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்: என்ன பார்த்தார்கள், சதை எடுத்தார்களா, முடிவு எப்போது வரும், அடுத்த பரிசோதனை எத்தனை வருடம் கழித்து.

அப்பாவின் நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. அட்டையின் உள்பக்கத்தில் அவருக்கு ஆகாத வலி மாத்திரைகளின் பெயர்களைச் சிவப்பு மையில் அவரே எழுதினார். எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் அந்தப் பக்கத்தைத்தான் விரித்துக் காட்டுவார். அதற்குக் கீழே தேதியோடு ஒரு வரி: "இன்று மலம் 4, பழுப்பு. மகளிடம் சொல்லியாயிற்று."